ஐ.சி.எம்.ஆர். பொது சுகாதாரப் பள்ளி

சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அங்கமாக இயங்கும் கல்வி நிலையம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியால் பால்டிமோரிலும் (1916) கல்கத்தாவிலும் (1932) வளர்ந்த பொது சுகாதாரக் கல்வி மரபைச் சேர்ந்தது. நோய்ப்பரவியல் நிறுவனம் 1999இல் அமைந்தது; 2001இல் களநோய்ப்பரவியல் பயிற்சி தொடங்கியது. பணியில் உள்ள அரசு மருத்துவர்கள் தம் ஊர்களிலேயே நோய்ப் பரவலை ஆராய்ந்து பட்டம் பெறுவது இதன் தனிச்சிறப்பு.

சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களுக்கு இதன் பயன் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் தெரிகிறது. தமிழக அரசுடன் சேர்ந்து இந்நிறுவனம் வகுத்த திட்டம் இது. நோய் உறுதியானதும் செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பார்க்கிறார். பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்றும் சோதிக்கிறார். ஆய்வகமே தேவையில்லை. உடல் எடைக் குறியீடு 14க்குக் கீழே இருந்தால் நோயாளி ஆபத்தில் இருப்பவர். உடனே மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறார். காசநோய் மரணங்களில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நிகழ்வதால்தான் இந்த அவசரம். மாநில அளவில் இவ்வாறு காசநோயாளிகளைத் தரம்பிரித்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு.