அளவையியலும் எண்ணும்: அறிவை இயந்திர மொழியில் வரையறுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உலகை விளக்க முயலும் எவரும் இருவகைக் கூற்றுக்களைக் கையாள வேண்டியவராகின்றனர். ‘தந்தையர் யாவரும் ஆண்கள்’ என்பது பண்பு பற்றியது. ‘இத்தொழிலாளியின் நாட்கூலி அவரது நாட்செலவிலும் குறைவானது’ என்பது அளவு பற்றியது. அன்றாட வழக்கிலே இவ்விரண்டும் இயல்பாகக் கலந்து வருகின்றன. ஆயின், கணினி கையாளத்தக்க அளவையியல் மொழியிலே அறிவை எழுதப் புகுந்தோர்க்கு முதலாவது வகை எளிதிற் கைவந்தது. இரண்டாவது நீண்டகாலம் இடர் விளைத்தது. இதற்கான காரணங்களை வரலாற்று அடிப்படையில் நோக்குவதும், சமூக ஆய்விலே ஈடுபட்டுள்ள எமக்கு அவை எவ்வகையில் முக்கியமானவை என எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நவீன அளவையியல் எண்ணை விளக்கும் முயற்சியோடு நெருங்கிய தொடர்புடையதாகவே வளர்ந்தது. 1879இல் தமது குறியீட்டு மொழியை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் பிரெகே, எண்கணிதம் முழுவதையும் அளவையியலிலிருந்து வருவிக்கலாம் என நம்பினார். அவரது பெருநூலின் இரண்டாம் பாகம் அச்சிலிருந்தபோது, 1902இல், ரஸல் எழுதிய கடிதம் அவ்வடிப்படையிலேயே முரண்பாடு இருப்பதைக் காட்டிற்று. பின்னர் 1929இல், வார்சோவிலே கற்ற இளைஞரான பிரெஸ்பர்கர், கூட்டல் மட்டுமுள்ள முழுவெண் கணிதத்திலே எக்கூற்றும் மெய்யா பொய்யா என்பதை வரையறுத்த படிமுறையாலே தீர்மானிக்கலாம் என எண்பித்தார். யூதரான அவர் நாஸிகளின் இனப்படுகொலைக் காலத்திலே மாண்டார். 1931இல் கெடல், கூட்டலோடு பெருக்கலையும் கொண்ட முரணற்ற எந்த முறைமையிலும், அம்முறைமையால் எண்பிக்கவியலாத மெய்க்கூற்றுக்கள் எஞ்சும் எனக் காட்டினார். 1936இல் சேர்ச், டியூரிங் ஆகியோரின் ஆய்வுகள், இவ்வகைக் கேள்விகள் அனைத்தையும் தீர்க்கும் பொது இயந்திர முறை இல்லை என நிறுவின. அளவையியலுள் எண் எவ்வளவு தூரம் நுழைகிறதோ அவ்வளவு தூரம் தீர்மானிக்கும் ஆற்றல் ஆபத்துக்குள்ளாகிறது என்பதே இவ்வரலாறு தந்த பாடமாகும்.

கணினிக் காலத்திலே இப்பிரச்சினை புதிய வடிவம் பெற்றது. 1972இல் மார்சேய் நகரில் கோல்மராவர் குழுவினர் உருவாக்கிய ‘புரோலொக்’ மொழியிலே, உறவுகளை இரு திசையிலும் வினவலாம்: தந்தையைக் கொடுத்துப் பிள்ளையைக் கேட்கலாம், பிள்ளையைக் கொடுத்துத் தந்தையைக் கேட்கலாம். எண் வந்தவிடத்து இச்சமச்சீர் குலைந்தது. இரண்டும் மூன்றும் எவ்வளவு எனின் விடை வரும்; எதனோடு இரண்டைக் கூட்டின் ஐந்தாகும் எனின் அம்மொழியின் வழமையான கணிப்பு முறை தடைப்பட்டு நிற்கும். 1987இல் ஜாபரும் லாசேயும் முன்வைத்த கட்டுப்பாட்டு அளவையியல் நிரலாக்கம் இக்குறையை நீக்க முயன்றது. மறுபுறத்தில், 1970களின் பிற்பகுதியில் பிராக்மன் தொடக்கிவைத்த கருத்தாக்க மொழிகளின் மரபு வளர்ந்தது. மொழியின் வெளிப்பாட்டு வளம் சிறிது கூடினாலும் அனுமானிக்கும் சுமை பெரிதும் கூடக்கூடும் என்பதை, அவரும் லெவெக்கும் 1984இல் எடுத்துக்காட்டினர். 1991இல் பாடரும் ஹான்ஷ்கேயும், எண்களைத் தனியொரு களமாக வைத்து, குறித்த சில உறவுகளின் வழியே மட்டும் கருத்தாக்கங்களோடு அதனைப் பிணைக்கும் முறையை வகுத்தனர்.

இவ்விடத்திலே ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. இணையத் தரவுகளுக்கென 2004இல் ஏற்கப்பட்டு, 2009இல் விரிவாக்கப்பட்ட ‘அவுல்’ எனும் தராதர மொழியிலே, ‘நாள் வருமானம் மூன்று டொலரிலும் குறைந்தவர்’ என ஒரு வகுப்பை வரையறுக்கலாம். ஆயின், ‘ஒருவரது கூலி அவரது செலவிலும் குறைந்தது’ என அதே மனிதரின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் வகுப்பை அதன் தராதர வடிவிலே வரையறுக்க வழியில்லை. அளவு ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து தரப்பட்ட மாறிலியோடு மட்டுமே ஒப்பிடலாம். மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே சுரண்டலின் அளவை எவ்வாறு கண்டார்? தொழிலாளியின் அவசிய உழைப்புக்கும் மிகை உழைப்புக்கும் இடையிலான விகிதமாகவே கண்டார். அதாவது, வறுமை ஒரு கோட்டினாலே பிரிக்கப்படலாம். சுரண்டலோ இரண்டு அளவுகளுக்கிடையிலான உறவு. முன்னையதை அம்மொழி ஏற்கிறது, பின்னையதை ஏற்பதில்லை.

இதனைக் கண்டு, அம்மொழியே முதலாளித்துவச் சூழ்ச்சி என முடிவுகட்டுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். தடை கணிதத்திலும் வேரூன்றியுள்ளது. கட்டற்ற பொது விதிகளோடு, முழுவெண்ணை ஒன்றால் கூட்டுவதையும் பூச்சியத்தோடு ஒப்பிடுவதையும் அனுமதிக்கும் மாத்திரத்திலேயே, தீர்மானிக்குந் தன்மை இழக்கப்படலாம் என்பது எண்பிக்கப்பட்டுள்ளது. எனினும் கணிதத்தை மட்டும் காட்டி அமைதி காண்பதும் பொருந்தாது. விகிதமுறு எண்களிடையே ‘சிறிது’, ‘பெரிது’ என்னும் ஒப்பீட்டை மட்டும், தக்க வரையறைகளோடு, தீர்மானிக்குந் தன்மை கெடாமலே சேர்க்கலாம் என்பதும் பின்னைய ஆய்வுகள் கண்ட உண்மையே. எதைத் தராதரத்திற் சேர்ப்பது, எதை விடுப்பது என்பது தேவை பற்றிய தீர்ப்பு. தேவையோ சமூக வாழ்விலிருந்து எழுவது.

மாறிலியும் வானிலிருந்து வருவதன்று. உலக வங்கி 1990இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர் என வகுத்த வறுமைக்கோடு 2015இல் 1.90 ஆகவும், 2022இல் 2.15 ஆகவும், 2025இல் 3.00 ஆகவும் மாற்றப்பட்டது. விலை ஒப்பீடுகள் திருத்தப்பட்டமையும், நாடுகள் தாமே வகுத்த கோடுகள் மாறியமையும் இதற்குக் காரணங்களாம். கோடு மாறிய அன்று எந்தக் குடிசையிலும் எதுவும் மாறவில்லை. ஆயின் வகுப்பின் அங்கத்துவம் மாறிற்று. தரப்பட்ட எண்ணுக்குக் கீழே எவர் உளர் என்பதை அனுமான இயந்திரம் பிழையின்றிச் சொல்லும். அந்த எண்ணைத் தந்தவர் யார், எவ்வடிப்படையில் தந்தார் என்பது அதன் வினாவன்று.

ஆகவே, இத்தகைய மொழிகளிலே எழுதப்படும் சமூக அறிவை நோக்குவோர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும்: இங்கு நிலையான எண்ணாகத் தரப்பட்டிருப்பது யாருடைய முடிவு? மாறிலியோடு ஒப்பிடப்பட்டிருக்கும் அளவு உண்மையில் வேறெந்த அளவோடு ஒப்பிடப்பட்டிருக்க வேண்டும்? முதலாவதற்கு விடை காண்பது சமூக ஆய்வாளரின் பணி. இரண்டாவதற்கு அளவையியலாளரின் துணையும் இன்றியமையாதது. அவர்களோடு உரையாடும் அளவுக்கேனும் எமது மாணவர் இத்துறையிற் பயிற்சி பெறுதல் அவசியமாகும்.