புற்றுக் குருத்தணுக்களும் நொதித் தடுப்பிகளும்

புற்றுக் கட்டியிலுள்ள அணுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதும், அவற்றுள் சொற்பமான ஒரு கூட்டமே தன்னைத்தான் புதுப்பித்துக்கொண்டு நோயை மீண்டும் எழுப்பும் சக்தி வாய்ந்தது என்பதும், 1994-லும் 1997-லும் ரத்தப் புற்றைக் குறித்து டொரண்டோவில் ஜான் டிக் குழுவினர் வெளியிட்ட பரிசோதனைகளால் வலுப்பெற்ற கொள்கை. அக்கூட்டத்துக்குப் புற்றுக் குருத்தணுக்கள் என்று பெயர். கோரையின் தலையைக் கொத்திவிட்டுக் கிழங்கை மண்ணிலே விட்டுவைத்தாற்போல, விரைந்து பெருகும் அணுக்களை மட்டும் மாய்க்கும் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புவது இவற்றால்தான் என்பர். எல்லாப் புற்றுக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை.

மார்பகப் புற்றின் குருத்தணுக்களில் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பது 2007-ல் தெரியவந்தது. சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற மருந்து உடலில் செயல்வடிவம் பெறும் வழியிலேயே அதைச் சிதைத்து அணுவைக் காப்பது இந்நொதியாதலால், இதை முடக்கினால் அரண் தகரும் என்பது எதிர்பார்ப்பு. நொதியின் வினைக்களத்தில் ஒரு கந்தக அணு உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் பொருள் எதுவாயினும் நொதி நின்றுபோகும்.

கந்தகத்தின் இந்த வேலையைப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில், கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் சந்தையிலேயே பார்க்கலாம். முழுப் பல்லில் இல்லாத கார நெடி நசுக்கிய கணத்தில் எழுவதேன் என்றால், தனித்தனி அறைகளில் கிடந்த அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் அப்போதுதான் கலந்து, 1944-ல் காவலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த அல்லிசின் பிறக்கிறது. அல்லிசின் நொதிகளின் கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்கும். ஆனால் அதற்கு விவேகம் கிடையாது. நல்லது கெட்டது பாராமல் எதிர்ப்பட்ட நொதியையெல்லாம் பற்றும். பூண்டு தின்றால் புற்று தீரும் என்போர் மறந்துவிடுவது இதைத்தான். குடியை நிறுத்தக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராமிலும் அதே குறை: மனித உடலில் 19 வகையாக உள்ள ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் குடும்பத்தில், சாராயத்தைச் செரிக்க உதவும் இரண்டாம் வகையையும் அது நிறுத்திவிடுகிறது.

ஆகவே தடுப்பியை வடிவமைப்பது என்பது விவேகத்தைச் சேர்ப்பதே. விட்டமின் ஏ-யின் பருத்த மூலக்கூறுக்கு இடங்கொடுக்க வேண்டியிருப்பதால் புற்றுக் குருத்தணுக்களில் மிகுந்திருக்கும் முதல் வகையில் வினைக்களத்துக்குப் போகும் குகை அகன்றது, இரண்டாம் வகையினது குறுகியது. எனவே அகன்றதில் மட்டுமே நுழையக்கூடிய பருமனான மூலக்கூறை ரசாயனிகள் தேடுகிறார்கள். அதற்கு நொதியின் உருவம் பிழையின்றித் தெரியவேண்டும். அவ்வுருவங்களைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடம்.

நொதியைத் தேர்ந்து பற்றினால் மட்டும் போதாது, நல்ல அணுக்களும் தப்பவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் வழிகாட்டலில் உருவான அமினோப்டெரின், 1948-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றைத் தற்காலிகமாகத் தணித்து நொதித் தடுப்பிக்கு முதல் நிரூபணம் தந்தபோதே, எலும்பு மஜ்ஜையின் நல்ல அணுக்களும் அதற்கு இரையாயின. ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் விஷயத்திலும் இந்த அபாயம் உண்டு. ஏனெனில் மஜ்ஜையின் ஆரோக்கியமான குருத்தணுக்களிலும் அது நிறைந்திருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எனாசிடெனிப் வேறொரு நொதியைக் குறிவைத்து இச்சிக்கலைப் பெரிதும் தவிர்த்தது: பிறழ்வுற்று, நோயணுக்களில் மட்டுமே காணப்படும் ஐடிஎச்-2 நொதியை அது தடுக்க, முதிராமல் நின்ற ரத்தப் புற்றணுக்கள் முதிர்ச்சியடையத் தொடங்குகின்றன.