தொற்றும் சுமையும்: மாட்டு லுகேமியாவில் டிஆர்பி3 மரபணு

மாட்டு லுகேமியா வைரஸ் 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. அன்றுமுதல் அதன் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சார்ந்து நிற்கின்றன: மாட்டின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா, இல்லையா? தொற்று பரவலாகிவிட்ட நாடுகளில் இந்தக் கேள்வி போதவே போதாது என்பது என் வாதம்.

ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்று, ஒரே வைரஸை வாங்கிய பசுக்களின் கதி ஒன்றாக இருப்பதில்லை. வைரஸ் பி-நிணநீரணுக்களின் டிஎன்ஏவுக்குள் நுழைந்து ஆயுள்முழுதும் தங்கிவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலான மாடுகள் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நிணநீரணுக்கள் பெருகி அப்படியே நீடிக்கின்றன. மிகச் சிலவற்றுக்கு மட்டும், பல ஆண்டுகள் கழித்து, உயிர்கொல்லும் நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது.

இந்த வேறுபாட்டின் முக்கியமான ஒரு வேர் 23ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அங்குள்ள டிஆர்பி3 மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரு பள்ளம் உண்டு. வைரஸ் புரதத்தின் துணுக்குகள் அதில் பொருந்தினால்தான் டி-அணுக்கள் அவற்றை அடையாளம் காணும். அந்தப் பள்ளத்தின் வடிவம் மாட்டுக்கு மாடு மாறுகிறது. புரதத்தின் 70, 71ஆம் இடங்களில் குளூட்டாமிக் அமிலமும் ஆர்ஜினினும் அமைந்த மாடுகளில் நிணநீரணுப் பெருக்கம் குறைவு என்று 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். பின்னர் அர்ஜென்டினாவின் ஹோல்ஸ்டீன் மாடுகளில், இம்மரபணுவின் 009:02 என்ற அல்லீல் (மாற்று வடிவம்) உள்ளவற்றின் இரத்தத்தில் புரோவைரஸ் சுமை (அணுக்களின் டிஎன்ஏவில் தங்கிய வைரஸின் அளவு) மிகக் குறைவாகக் காணப்பட்டது. ஜப்பானில் 012:01 அல்லீல் உயர்ந்த சுமையோடு தொடர்புற்றிருந்தது.

009:02 தொற்றைத் தடுப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மாடும் எதிர்ப்பொருள் சோதனையில் தொற்றுள்ளது என்றே வரும். ஆனால் இந்நோய் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே பரவுகிறது: மாற்றாத ஊசி, கொம்பு நீக்கும் கருவி, ஒரு பசுவின் சினைப் பரிசோதனை முடிந்து அடுத்த பசுவுக்கும் போகும் அதே கையுறை. அதில் ஒட்டிய துளி இரத்தத்தில் தொற்றிய அணுக்கள் எத்தனை என்பதே அடுத்த மாட்டின் கதியைத் தீர்மானிக்கிறது. குறைந்த சுமையுள்ள பசுக்களைத் தொற்றற்ற மந்தையோடு ஓராண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்துப் பார்த்த அர்ஜென்டினா ஆய்வில் புதிய தொற்று ஏற்படவில்லை.

சோதித்துக் கழிக்கும் முறையால் ஐரோப்பிய நாடுகள் பல இந்நோயை ஒழித்தன. பிரிட்டன் 1999இல் விடுபட்டது. தொற்று குறைவாக இருந்ததால் அது இயன்றது. ஜப்பானில் 2009–2011 கணக்கெடுப்பில் கறவை மாடுகளில் சுமார் 40 விழுக்காடும், அமெரிக்காவில் 2007இல் கறவை மந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேலும் தொற்றுற்றிருந்தன. அங்கே எல்லாவற்றையும் கழித்தால் பண்ணையே மிஞ்சாது. ஆகவே சுமையை அளந்து, உயர்ந்த சுமையுள்ளவற்றை முதலில் வெளியேற்றி, குறைந்த சுமையுள்ளவற்றைத் தொற்றற்ற மாடுகளுக்கும் பிறவற்றுக்கும் இடையே நிறுத்துவதே நடைமுறைக்கு உகந்த வழி.

009:02 கொண்ட காளைகளையே தேர்ந்து இனவிருத்தி செய்யலாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. சில காளைகளின் விந்தையே பெரிதும் நம்பியிருப்பதால் ஹோல்ஸ்டீனின் மரபணு வளம் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. டிஆர்பி3இன் பன்மையோ மடிவீக்கம் முதலான வேறு நோய்களின் எதிர்ப்பிலும் பங்கு கொள்கிறது. ஓர் இனத்தில் கண்ட தொடர்பு மற்றோர் இனத்தில் அப்படியே அமைவதும் இல்லை. எந்த மாட்டை முதலில் கழிப்பது, எதைத் தக்கவைப்பது என்ற முடிவுக்கு அல்லீல் விவரம் உதவட்டும். காளைத் தேர்வில் அதைத் தனி அளவுகோலாக்க இப்போதுள்ள சான்றுகள் போதாது.