292ஆம் பிரிவு பிறந்த கதை

மையித்துக்கும் விலை இருந்த காலம் ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அறுத்துப் படிக்க வைத்தியக் கல்லூரிகளுக்கு உடல்கள் போதவில்லை. இரவில் கபுறைத் தோண்டி விற்றார்கள். கெட்டிக்காரத் திருடர்கள்: உடலைத் தூக்கிக்கொண்டு, சுற்றியிருந்த துணியைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போவார்கள். துணிக்குச் சொந்தக்காரன் உண்டு, உடலுக்கு இல்லை என்பது அங்கத்தைய சட்டம். துணியைத் தொட்டால்தான் களவு! 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் ஆட்களைக் கொன்றே விற்றார்கள். அதன் பிறகுதான், 1832இல், உடற்கூற்றியல் சட்டம் வந்தது.

மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் வேறு வழியில் போனது. பல மதத்தாரை ஆண்ட வெள்ளையருக்குக் கலவரப் பயம். சடல அவமதிப்பை மதக் குற்றங்களோடு சேர்த்து 297ஆம் பிரிவாக வைத்தார்கள். இலங்கையிலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, ரோமன் டச்சுக் குற்றச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, அதையே 292 ஆக்கிக்கொண்டது. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே சடலத்தை அவமதித்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். ஜெர்மனியில் மனம் புண்பட்டதா என்ற கேள்வியே இல்லை. உடலையோ சாம்பலையோ உரியவரிடமிருந்து அனுமதியின்றி எடுத்தாலே மூன்று வருடம் வரை உள்ளே போகலாம்.

இலங்கையில் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட் மையித்துகளை 800 முதல் 1200 பாகை வெப்பத்தில் எரிக்கச் சொன்னது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். மனம் புண்படும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் 292 வாய் திறக்கவில்லை. சட்டம் சொன்னபடி செய்தது குற்றமாகாது என்றும் அதே கோவைதான் சொல்கிறது. கட்டாய எரிப்பை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றமும் டிசம்பர் 1ஆம் திகதி தள்ளியது.

2021 மார்ச்சில்தான் அடக்க விட்டார்கள், அதுவும் தொடக்கத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும். கல்முனை மையித்து, ஊர் மையவாடியை விட்டு, மட்டக்களப்பையும் தாண்டிப் போனது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அடக்குவதா எரிப்பதா என்பதை இறந்தவரோ உறவினரோ தீர்மானிக்க ஒரு சட்டம் கொண்டுவருவதாகவும் சொன்னது. கல்முனைச் சட்டத்தரணிமாரே, அந்தச் சட்டத்தில் அரசாங்கத்தின் கையையும் கட்டும் ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.