கிட்ஸ் கோட்டியின் இரும்பு வேலி

இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில், மெட்வே நதியின் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில் நிற்கும் கிட்ஸ் கோட்டி ஹவுஸ் என்னும் புராதனக் கற்சமாதியில் இன்று எஞ்சியிருப்பவை, செங்குத்தாக நாட்டிய மூன்று பெருங்கற்களும் அவற்றின்மேல் கூரையாய்க் கவிந்த பலகைக்கல் ஒன்றுமே. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன், உழவுத் தொழில் அத்தீவில் வேரூன்றிய காலத்தில், நீண்டதொரு மண்மேட்டின் முனையில் இவற்றை நிறுத்தியவர்கள் எழுத்தறியாதவர்கள். ஆகவே பிற்காலத்தார், ஐந்தாம் நூற்றாண்டில் சாக்ஸன் தலைவன் ஹோர்ஸாவோடு பொருது மாண்ட கேட்டிகெர்ன் என்னும் பிரிட்டானிய இளவரசனின் சமாதி இதுவெனக் கதை கட்டி, நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டனர். 1722-ல் பழம்பொருள் ஆராய்ச்சியாளர் ஸ்டூக்லி வரைந்த சித்திரத்தில் மேட்டின் மறுமுனையில் இன்னொரு பெருங்கல் தெரிகிறது. 1867-ல் அதை வெடி வைத்துத் தகர்த்தபோது, தடுப்பதற்கு நாட்டில் சட்டம் ஏதுமில்லை.

அந்தக் குறையை நீக்கப் புறப்பட்டவர் ஜான் லப்பக். வங்கித் தொழிலரும் பார்லிமெண்ட் அங்கத்தினருமான அவர், ஏவ்பரி என்னும் ஊரின் புராதனக் கற்களைக் காக்கும்பொருட்டு அவ்விடத்து நிலத்தைத் தாமே விலைக்கு வாங்கியவர். 1873-ல் அவர் கொண்டுவந்த மசோதா, தனிமனிதனின் சொத்துரிமையில் சர்க்கார் தலையிடுவதா என்ற ஆட்சேபத்தில் மோதி மீண்டும் மீண்டும் வீழ்ந்து, 1882-ல்தான், அதுவும் பல் பிடுங்கப்பட்ட நிலையில், சட்டமாயிற்று. கிட்ஸ் கோட்டி உள்ளிட்ட அறுபத்தெட்டு ஸ்தலங்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. ஆயினும், அவற்றைச் சேதப்படுத்திய அந்நியனுக்கு ஐந்து பவுன் அபராதமோ ஒரு மாதச் சிறையோ விதித்த அதே சட்டம், தன் நிலத்துக் கல்லைச் சர்க்காரின் காவலில் ஒப்படைக்காத சொந்தக்காரன் அதை உடைத்தெறிந்தாலும் அவனை ஒன்றும் செய்யவில்லை. செத்தவர்களுக்கு வாக்குரிமை இல்லை, நிலக்கிழார்களுக்கு உண்டு என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அச்சட்டத்தின்கீழ் புராதனச் சின்னங்களின் முதல் இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்ட ஜெனரல் பிட்-ரிவர்ஸ் (லப்பக்கைவிட ஏழே வயது மூத்த இவர், 1884-ல் அவருக்கு மாமனாராகவும் ஆனார்) அதிகாரத்தால் அன்றி நயவுரையாலேயே சொந்தக்காரர்களை இசைவிக்க வேண்டியிருந்தது. கிட்ஸ் கோட்டியைச் சுற்றி இன்றும் நிற்கும் இரும்பு வேலி அவர் யோசனையின்பேரில் எழுந்ததே. அவ்வேலி கற்களை மட்டும் வளைத்து நிற்கிறது. சமாதியின் உடலாகிய மண்மேடோ வெளியே விடப்பட்டு ஏர்முனையால் கரைந்துபோயிற்று. பட்டியலிட்ட சின்னத்தில் கைவைக்க விரும்பும் சொந்தக்காரன் ஒரு மாதம் முன்னதாக அறிவிக்கவேண்டுமென்ற கட்டாயம் 1913-ல்தான் வந்தது.