பத்து சென்ட் நிலமும் ஒரு பெண் அமைச்சரும்

1957 ஏப்ரல் 5ஆம் தேதி கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான அமைச்சரவை பதவியேற்றது. ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது: இனி எந்த நிலவுடைமையாளரும் குத்தகைக்காரரையோ குடிசைவாசியையோ வெளியேற்றக் கூடாது. அந்தச் சட்டத்தின் பின்னால் நின்றவர் வருவாய்த் துறை அமைச்சர் கே.ஆர். கௌரி. அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண். அப்போது அவருக்கு வயது 37.

அந்த ஒற்றைத் தாள் எத்தனை பெரிய காரியம் என்பது குடிகிடப்புக்காரர்கள் எனப்பட்ட குடிசைவாசிகளின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கே புரியும். ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளரின் தென்னந்தோப்பில் ஒரு மூலையில் ஓலைக்குடில் கட்டிக்கொள்ள அனுமதி கிடைக்கும். அதற்கு ஈடாகத் தோப்பு வேலை, வீட்டு வேலை, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. எதிர்த்து ஒரு சொல் பேசினால் அன்று மாலையே சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் காலடி மண் சொந்தமில்லை.

கௌரி பிறந்தது இந்தத் தென்னந்தோப்புகளின் நடுவே, ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்கு அருகிலுள்ள பட்டணக்காட்டில், 1919 ஜூலை 14 அன்று. ஓரளவு வசதியான ஈழவக் குடும்பம். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, சட்டமும் படித்து, ஈழவ சமூகத்தின் முதல் பெண் சட்டப் பட்டதாரி என்ற பெயரோடு சேர்த்தலை நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். தொழிற்சங்கத்தில் இருந்த அண்ணன் சுகுமாரன் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சி வீட்டுக்குள் வந்தது. புன்னப்புரை-வயலார் தொழிலாளர் எழுச்சியின் ரத்தம் காயாத காலம் அது. கட்சியில் சேர்ந்ததற்குச் சிறையும் சித்திரவதையும் பரிசாகக் கிடைத்தன. லத்திக்குக் கருத்தரிக்க வைக்கும் ஆற்றல் இருந்திருந்தால் லத்திப் பிள்ளைகள் பலரைப் பெற்றிருப்பேன் என்று அவர் சொன்னதாகக் கேரளம் இன்றும் நினைவுகூர்கிறது. ஒரு பெண் பொதுவெளியில் அப்படிப் பேசுவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

அவசரச் சட்டம் வெறும் தடுப்பணைதான். நிலத்தை உழுபவனுக்கே சொந்தமாக்க வேண்டுமானால் முழுச் சட்டம் வேண்டும். 1957 டிசம்பரில் விவசாய உறவுகள் மசோதாவை கௌரி அவையில் வைத்தார். அது நிறைவேற 1959 ஜூன் ஆயிற்று. அடுத்த மாதமே, ஜூலை 31 அன்று, அரசுக்கு எதிரான விமோசனப் போராட்டத்தைக் காரணம் காட்டி மத்திய அரசு அமைச்சரவையைக் கலைத்தது. அடுத்து வந்த அரசு திருத்தங்களோடு கொண்டுவந்த சட்டமும் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. 1967இல் கௌரி மீண்டும் வருவாய்த் துறைக்கு வந்தார். 1969இல் அவர் கொண்டுவந்த திருத்தச் சட்டம்தான் 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று சென்ட் வரை உரிமை. நடைமுறைப்படுத்தியது அடுத்து வந்த அச்சுத மேனன் அரசு. பெருமை யாருக்கு என்று, 1964இல் உடைந்த கம்யூனிஸ்ட் கட்சியின் இரு பிரிவுகளும் பின்னர் நெடுங்காலம் வாதிட்டன. சட்டத்தை இரண்டு முறை அவைக்குள் சுமந்து வந்தவர் கௌரி என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை.

இதற்கிடையே கட்சி அவர் வீட்டையே பிளந்துவிட்டது. 1957இல் சக அமைச்சர் டி.வி. தாமஸை மணந்திருந்தார். 1964இல் கட்சி உடைந்தபோது கணவர் ஒரு பக்கம், மனைவி மறுபக்கம். 1967 அமைச்சரவையில் இருவரும் வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்களாக ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இல்லறம் மீளவில்லை. 1977இல் தாமஸ் காலமானார்.

1987 தேர்தலில் தென்னை நிறைந்த கேரள நாட்டை கே.ஆர். கௌரி ஆளுவார் என்ற முழக்கம் ஊரெங்கும் ஒலித்தது. இடதுசாரிகள் வென்றார்கள். முதல்வர் நாற்காலியில் ஈ.கே. நாயனார் அமர்ந்தார். கௌரியம்மாவுக்குத் தொழில் துறை கிடைத்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க் உருவானது அந்தக் காலத்தில்தான். முதல்வர் நாற்காலியே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அனுபவத்திலும் தியாகத்திலும் அவரை மிஞ்சியவர்கள் அன்று மிகச் சிலரே. 1994 ஜனவரி 1 அன்று கட்சி அவரை வெளியேற்றியது. 74 வயதில் ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கி, அரூரில் மீண்டும் மீண்டும் வென்று, 2001இல் காங்கிரஸ் கூட்டணி அரசில் அமைச்சரும் ஆனார். ஆறு அமைச்சரவைகள்; 17 முறை போட்டியிட்டு 13 வெற்றிகள். 2006இலும் 2011இலும் தோற்றார். 2021 மே 11 அன்று 101 வயதில் மறைந்தார்.

ஆனால் அவருடைய நிலச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. குத்தகைக்காரருக்கு நிலம் கிடைத்தது. குடிசைவாசிக்குச் சில சென்ட் கிடைத்தது. காடும் மலையும் பறிபோன ஆதிவாசிகளின் இழப்பு அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்கென 1975இல் வந்த தனிச் சட்டம் பல ஆண்டுகள் தூங்கியது. 1990களின் பிற்பகுதியில், பறிபோன நிலத்தைத் திருப்பித் தரும் கடமையைத் தளர்த்தும் மசோதாவை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து நிறைவேற்றின. மலையோரக் குடியேறிகளின் வாக்குகள் இரு பக்கத்துக்கும் வேண்டியிருந்தன. 140 இடங்கள் கொண்ட அந்த அவையில் எதிர்த்து நின்ற ஒரே உறுப்பினர் கௌரியம்மா.