எருசலேம் சங்கமும் மதுரை மறைப்பணியும்: ஓர் ஒப்பீடு

புதிதாக ஒரு சமயத்தைத் தழுவுவோர் தம் பழைய வழக்காறுகளுள் எவற்றை விட வேண்டும், எவற்றைத் தொடரலாம் என்னும் வினா கிறித்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் அதே வினா வேறொரு வடிவில் எழுந்தது. இவ்விரு தீர்வுகளையும் ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எருசலேம் தீர்வு

யூதரல்லாத கிறித்தவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்பது கி.பி. 49ஐ ஒட்டி எருசலேமில் விவாதிக்கப்பட்டது. வேண்டியதில்லை என்று பேதுரு வாதிட்டார். பவுலும் பர்னபாவும் தம் பணி அனுபவத்தை எடுத்துரைத்தனர். யாக்கோபு தீர்வை முன்மொழிந்தார். சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றவை, பரத்தைமை ஆகிய நான்கை விலக்கினால் போதும் என முடிவாயிற்று. இவற்றுள் முதல் மூன்றும் உணவைப் பற்றியன. யூதரும் பிறரும் ஒரே பந்தியில் அமர இவை வழிவகுத்தன என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தியோக்கியாவில் பிற இனத்தாருடன் உண்பதிலிருந்து விலகிய பேதுருவைப் பவுல் கண்டித்தமை கலாத்தியர் திருமுகத்தில் பதிவாகியுள்ளது. எனவே, பந்தியே அக்காலச் சிக்கலின் மையமாக இருந்தது எனலாம்.

மதுரைத் தீர்வு

1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, கிறித்தவராதல் என்பது ‘பறங்கிக் குலத்தில்’ சேர்தல் எனக் கருதப்பட்டதைக் கண்டார். தமிழர் பறங்கியாக வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன சமூக அடையாளங்களே, சமயச் சடங்குகள் அல்ல என அவர் வாதிட்டார். மதுரையிலேயே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் இதனை எதிர்த்தார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் பெரும்பான்மையோர் நொபிலியை மறுத்தனர். எனினும் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை நீக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையுடன் இவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார். அதே ஆணை, உயர்குலத்தார் தாழ்த்தப்பட்டோரை இகழலாகாது என்றும் அறிவுறுத்தியது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

விருத்தசேதனமும் வேண்டா, பறங்கி வாழ்க்கையும் வேண்டா என்னும் அளவில் இரு தீர்வுகளும் ஒன்றுபடுகின்றன. ஆனால் எருசலேம் தீர்வு பிரிந்திருந்த இருசாராரைப் பந்தியில் இணைத்தது. மதுரைத் தீர்வோ பிரிவைக் காட்டும் அடையாளத்தையே தொடரவிட்டது. பூணூல் சமூக அடையாளமே என்பது மெய்யாயின், அது சாதியின் அடையாளமும் ஆகும். இச்சிக்கல் நொபிலியோடு முடியவில்லை. ஒடுக்கப்பட்ட நோயாளிகளின் இல்லங்களுக்குக் குருக்கள் சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என 1704இல் துர்னோன் புதுச்சேரியில் ஆணையிட நேர்ந்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இதனை மீண்டும் வலியுறுத்தினார். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியினரைப் பிரித்துவைத்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

முடிவுரை

ஒரு வழக்காறு சமயத்தைச் சார்ந்ததா, சமூகத்தைச் சார்ந்ததா என வினவுவது மட்டும் போதாது; அது மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பதும் வினவப்பட வேண்டும். எருசலேம் சங்கம் முன்வைத்த இவ்வளவுகோல் மதுரையில் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.